அம்மாவின் நீர்க்கடுப்பும் பாக்டீரியாவின் பிடியும்

கேள்வி: கம்பத்திலிருந்து எழுதுகிறேன். கல்லூரியில் நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அம்மாவுக்கு 52 வயது. வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் காயெடுக்கப் போகிறார். மாதவிலக்கு நின்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கடந்த ஓராண்டில் நான்கு முறை நீர்க்கடுப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். எரிச்சல் நின்றதும் நிறுத்திவிடுவார். போன மாதம் பரிசோதித்தபோது இ.கோலை என்று முடிவு வந்தது. ஃபிம்எச் என்ற புரதத்தின் ஒரு டொமைன்தான் அந்தப் பாக்டீரியாவைச் சிறுநீர்ப்பையில் ஒட்ட வைக்கிறது என்று வகுப்பில் படித்தோம். அத்தனை வேகமாகச் சிறுநீர் வெளியேறும்போது அது அடித்துக்கொண்டு போகாதா? மானோஸ் என்ற சர்க்கரைத் தூளைக் குடித்தால் பாக்டீரியா கழன்று வந்துவிடும் என்று விளம்பரம் பார்த்தேன். ஒரு டப்பாவின் விலை அம்மாவின் இரண்டு நாள் கூலிக்கு மேல். வாங்கலாமா? அக்கம்பக்கத்தில் எல்லாரும் "உடம்புச் சூடு, வேறொன்றும் இல்லை" என்கிறார்கள்.
— ஒரு வாசகி, கம்பம்

அன்புள்ள வாசகிக்கு,

அந்தத் தூளை வாங்காதீர்கள். அம்மாவின் கூலியை அதில் போட வேண்டியதில்லை. ஏன் என்று சொல்வதற்கு உங்கள் முதல் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். மிக நல்ல கேள்வி அது. அதற்குச் சரியான பதில் கிடைத்ததே இந்த நூற்றாண்டில்தான்.

இ.கோலை குடலில் இருக்கும்வரை பெரும்பாலும் நமக்குத் தொல்லை இல்லை. மலவாயைச் சுற்றியுள்ள தோலின் வழியே சிறுநீர்த் துவாரத்துக்கு வந்து, அங்கிருந்து மேலேறிச் சிறுநீர்ப்பைக்குள் புகும்போதுதான் நோயாகிறது. பெண்களுக்கு அந்த வழியின் நீளம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர்தான். ஆண்களுக்கு அதைப் போல நான்கைந்து மடங்கு. பெண்களை இந்த நோய் இவ்வளவு அதிகமாகப் பிடிப்பதற்கு இந்த உடலமைப்பே முதல் காரணம். சுத்தபத்தமாக இல்லாதவர்களுக்குத்தான் வரும் என்று யாராவது அம்மாவின் காதுபடச் சொல்லியிருந்தால், அது பொய் என்று நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள். அந்த வெட்கத்தால்தான் பல பெண்கள் மருத்துவரிடம் போகாமல் கடையில் மாத்திரை வாங்குகிறார்கள்.

பைக்குள் வந்து சேரும் பாக்டீரியாவின் உடலெங்கும் மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். பைலி என்று படித்திருப்பீர்கள். இங்கே முக்கியமானவை முதல்வகைப் பைலி. ஒவ்வொன்றும் 7 நானோமீட்டர் தடிமன், 1 முதல் 2 மைக்ரோமீட்டர் நீளம். தண்டு முழுவதும் ஃபிம்ஏ என்ற ஒரே புரதம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் சுருள் சுருளாக அடுக்கப்பட்டிருக்கும். நுனியில் ஃபிம்எச் ஒன்றே ஒன்று. அதில் 279 அமினோ அமிலங்கள், இரண்டு டொமைன்கள். தனித்தனியே மடிந்து தனித்தனி வேலை செய்யும் இரண்டு பகுதிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இருப்பது லெக்டின் டொமைன். சர்க்கரையைப் பிடிப்பது அது. பின்னால் இருப்பது பைலின் டொமைன். அதைத் தண்டோடு சேர்ப்பது இது.

சிறுநீர்ப்பையின் உட்புறம் குடைச் செல்கள் எனப்படும் பெரிய செல்களால் மூடப்பட்டிருக்கிறது. அவற்றின் மேற்பரப்பில் யூரோபிளாகின் என்ற புரதங்கள் தகடு தகடாகப் படிந்திருக்கின்றன. அவற்றுள் யூரோபிளாகின் 1ஏ என்ற புரதத்தின் மேல் மானோஸ் சர்க்கரைக் கிளைகள் இருக்கின்றன. லெக்டின் டொமைனின் முனையில் உள்ள சிறு குழிக்குள் அந்த மானோஸ் போய் உட்காருகிறது. பாடப் புத்தகம் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளும். உங்கள் சந்தேகம் இங்கேதான் பிறந்திருக்க வேண்டும்.

பொதுவாக ஒரு மூலக்கூறு இன்னொன்றைப் பிடித்திருக்கும்போது இழுத்தால் பிடி சீக்கிரம் விட்டுப்போகும். ஃபிம்எச் அப்படி இல்லை. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வெண்டி தாமஸ், எவ்கெனி சோகுரென்கோ, வயோலா வோகல் ஆகியோர் 2002இல் இதைக் காட்டினார்கள். திரவம் மெதுவாக ஓடும்போது பாக்டீரியா லேசாகப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து நகர்ந்தது. ஓட்டத்தைக் கூட்டியதும் அசையாமல் ஒட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகும் உருவாஞ்சுருக்கின் வேலை இது. காரணம் அந்த இரண்டு டொமைன்களுக்கும் இடையில் இருக்கிறது. இழுவை இல்லாதபோது பைலின் டொமைன் லெக்டின் டொமைனின் அடியில் நெருக்கமாக முட்டிக்கொண்டிருக்கிறது. அந்த அழுத்தத்தில் லெக்டின் டொமைன் சற்றே முறுகி, மறுமுனையில் இருக்கும் குழி அகலமாகத் திறந்திருக்கிறது. உள்ளே வந்த மானோஸ் சீக்கிரம் நழுவிவிடும். சிறுநீர் பாயும்போது பாக்டீரியா ஒரு பக்கம் இழுபடுகிறது, சுவரைப் பிடித்த முனை அங்கேயே நிற்கிறது. நடுவில் இரண்டு டொமைன்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. விலகியதும் லெக்டின் டொமைனின் முறுக்கு நிமிர்ந்து, குழி மானோஸைச் சுற்றி மூடிக்கொள்கிறது. பிடித்திருக்கும் நேரம் பல மடங்கு கூடிவிடுகிறது. தண்டின் சுருளும் அவிழ்ந்து நீண்டு, இழுவையின் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது.

ஆகவே ஏற்கெனவே ஒட்டிவிட்டவற்றைச் சிறுநீரின் வேகம் அடித்துக்கொண்டு போகாது. ஓட்டம் நின்றதும் பிடி தளரும். பாக்டீரியா பக்கத்துச் செல்லுக்கு நகர்ந்து பரவும். அடுத்த ஓட்டத்தில் மறுபடி இறுகும். ஒரே புரதத்தில் இந்த இரண்டு குணங்களும் சேர்ந்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

அப்படியானால் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வது எதற்கு என்று அடுத்த கேள்வி எழும். ஒட்டியவற்றுக்காக அல்ல, இன்னும் ஒட்டாதவற்றுக்காக. பைக்குள் மிதந்துகொண்டு பெருகும் பாக்டீரியாக்களைச் சிறுநீர் வெளியேற்றிவிடும். நம் சிறுநீரகமே ஒரு ஏமாற்று வேலையும் செய்கிறது. யூரோமாடுலின் என்ற புரதத்தைச் சிறுநீரில் கலந்துவிடுகிறது. 1950இல் டாம், ஹார்ஸ்ஃபால் என்ற இருவர் பிரித்தெடுத்ததால் அவர்கள் பெயராலும் அதை அழைப்பார்கள். நீண்ட நூல்களாகச் சேரும் அந்தப் புரதத்தின் மேலும் மானோஸ் கிளைகள் உண்டு. பாக்டீரியா பையின் சுவர் என்று நினைத்து அதைப் பிடித்துக்கொள்கிறது. சிறுநீரோடு வெளியே போய்விடுகிறது. தொற்றிய குடைச் செல்களையும் உடல் உரித்துத் தள்ளுகிறது. இந்த இரண்டு ஏற்பாடுகளும் ஒன்றை நம்பியே இருக்கின்றன: சிறுநீர் அவ்வப்போது வெளியே போக வேண்டும். போகாவிட்டால், அந்தப் பொறியில் சிக்கிய பாக்டீரியாவும் உரிந்து விழுந்த செல்களும் உள்ளேயே கிடக்கும்.

இனி அம்மாவின் ஒரு நாளைப் பாருங்கள். கம்பத்திலிருந்தும் உத்தமபாளையத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியும் முன்பே ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடுகின்றன. கம்பமெட்டு, குமுளி, போடிமெட்டு வழிகளில் எல்லை தாண்டிப் போய், கேரளத்தின் வண்டன்மேட்டிலும் புளியன்மலையிலும் நெடுங்கண்டத்திலும் பெண்களை இறக்கிவிடுகின்றன. ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்கள் நடுவழியில் நிறுத்தச் சொல்லக் கூசுவார்கள். தோட்டத்திலோ ஏலச்செடியின் அடியில் தரையோடு படரும் சரங்களிலிருந்து காயெடுப்பதற்குக் குனிந்தும் குந்தியும் வேலை. மழைக்காலத்தில் செடிக்குச் செடி அட்டை. புதருக்குள் ஒதுங்கினால் காலில் ஏறிவிடும்; ஏறியது தெரிய வருவதே ரத்தம் வழிந்த பிறகுதான். பக்கத்து வரிசையில் ஆண்கள் நிற்பார்கள். கழிப்பறை இருக்கும் தோட்டம் குறைவு. ஆகவே பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்: காலையில் தண்ணீரே குடிப்பதில்லை. என் ஆய்வகத்துக்கு மாதிரி கொண்டுவரும் தோட்டத்துப் பெண்களிடம் "காலையில் என்ன குடித்தீர்கள்?" என்று கேட்டால் "அரை டம்ளர் காப்பி" என்ற பதிலைத்தான் அடிக்கடி கேட்கிறேன். உங்கள் அம்மாவிடமும் கேட்டுப் பாருங்கள்.

காலை ஆறு மணியிலிருந்து பிற்பகல் இரண்டு மணிவரை அவர் சிறுநீர் கழிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஆய்வகத்தில் நல்ல ஊட்டத்தில் இ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். சிறுநீரில் அதைவிட மெதுவாக, அரை மணிக்கு ஒருமுறை என்றே கணக்கிடுங்கள். எட்டு மணி நேரத்தில் 16 முறை இரட்டிப்பு; ஒரே ஒரு பாக்டீரியா 65,536 ஆகியிருக்கும். இடையில் இரண்டு முறை வெளியேற்றியிருந்தால் அந்தப் பெருக்கம் ஒவ்வொரு முறையும் தரைமட்டத்துக்கு வந்திருக்கும்.

தண்ணீரின் பலனைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும், நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேரை வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். ஓராண்டில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை தொற்று வந்தது; மற்றவர்களுக்கு 3.2 முறை. அந்தப் பெண்கள் மாதவிலக்கு நிற்காதவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் உங்கள் அம்மாவுக்கும் இது பொருந்தாது என்று நினைக்க எனக்குக் காரணம் ஒன்றும் தெரியவில்லை. இதய நோயோ சிறுநீரக நோயோ இருந்து நீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் கழிப்பறை இல்லாத இடத்தில் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடி என்று சொல்வது அந்தப் பெண்ணைத் தண்டிப்பதாகும். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், பின்னர் வந்த திருத்தத்தின்படி 5 ஹெக்டேரோ அதற்கு மேலோ பரப்பும் 15 தொழிலாளர்களோ அதற்கு மேலோ உள்ள ஏலத்தோட்டங்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. அங்கெல்லாம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்றது. சிறிய ஏலக்காடுகள் அந்த வரம்புக்கு வெளியிலேயே நின்றுவிட்டன. அம்மா போகும் தோட்டம் எந்த வகை என்று விசாரியுங்கள். ஜீப்பில் கூட வரும் பெண்கள் எல்லாரும் சேர்ந்து கங்காணியிடம் கேட்பது, ஒருவர் தனியாகக் கேட்பதைவிட எளிது. நான்கு மூங்கிலும் ஒரு தார்ப்பாயும் ஒரு குழியும், கை கழுவ ஒரு குடம் தண்ணீரும் போதும்; தொடக்கத்துக்கு அதைக் கொடுக்க முடியாத தோட்டக்காரர் யாரும் இல்லை. இதை மருத்துவத்துக்கு வெளியே உள்ள விஷயமாக நான் கருதவில்லை. அம்மாவுக்கான சிகிச்சைச் சீட்டில் மாத்திரைக்கு மேல் வரியில் இதை எழுதுவேன்.

மாதவிலக்கு நின்றுவிட்டது என்று நீங்கள் எழுதியதற்கு நன்றி. பலர் அதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள், ஆனால் அதில்தான் நிறைய இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்ததும் பிறப்புறுப்பின் உட்பகுதி மெலிகிறது. அங்கே வாழ்ந்து அமிலத்தன்மையைக் காத்துவந்த லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் குறைகின்றன. காலியான இடத்தில் குடல் பாக்டீரியா குடியேறுகிறது. சிறுநீர்த் துவாரம் அங்கிருந்து விரல் அகலத்தில் இருக்கிறது. இதற்குப் பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் நல்ல மருந்து. 1993இல் வந்த ஆய்வில், மாதவிலக்கு நின்ற 93 பெண்களில் அதைப் பயன்படுத்தியவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 0.5 முறையும் பயன்படுத்தாதவர்களுக்கு 5.9 முறையும் தொற்று வந்தது. இந்த நோயில் இவ்வளவு பெரிய வித்தியாசம் காட்டிய சிகிச்சைகள் அதிகம் இல்லை. மகப்பேறு மருத்துவரிடம் அம்மாவை அழைத்துப் போய், இந்த மருந்தைப் பற்றி நீங்களாகவே பேச்செடுங்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் வேறு விதமாக யோசிப்பார்.

இப்போது மானோஸ் தூள். அதன் பின்னால் இருக்கும் அறிவியல் பொய்யல்ல. அதனால்தான் அந்த விளம்பரம் நம்ப வைக்கிறது. 1977இல் இஸ்ரேலின் ஒஃபெக், மிரெல்மன், ஷாரோன் ஆகிய மூவர், இ.கோலை மனிதச் செல்களை மானோஸ் வழியாகப் பிடிக்கிறது என்று காட்டினார்கள். செல்கள் இருக்கும் குழாயில் மானோஸைக் கரைத்துவிட்டால் பாக்டீரியாவின் குழிகளை அது நிரப்பிவிடும். செல்லைப் பிடிக்க இடம் இருக்காது. குழாயில் இது நடக்கிறது. உடலுக்குள் கதை வேறு. தனி மானோஸை ஃபிம்எச் மிக லேசாகத்தான் பிடிக்கிறது. அதுவும் திறந்த குழியில் உட்கார்ந்து, சட்டென்று நழுவிவிடுகிறது. எதிரில் இருப்பதோ ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்ட யூரோபிளாகின், இழுவையில் இறுகும் பிடி. செல்லுக்குள்ளேயே புகுந்துவிட்ட பாக்டீரியாவைச் சிறுநீரில் வரும் சர்க்கரை தொடவும் முடியாது. பிரிட்டனில் அடிக்கடி தொற்று வரும் 598 பெண்களுக்கு ஆறு மாதம் தினமும் மானோஸோ வேறொரு சர்க்கரையோ கொடுத்துப் பார்த்தார்கள். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. 2024இல் முடிவு வந்தது. மறுபடியும் தொற்று என்று மருத்துவரிடம் வந்தவர்கள் மானோஸ் குடித்தவர்களில் 51 சதவீதம், மற்றவர்களில் 55.7 சதவீதம். அந்த வித்தியாசம் தற்செயலாக வரக்கூடியதுதான். மானோஸையே அடிப்படையாக வைத்து, குழியை விட்டு எளிதில் நழுவாதபடி வேதியியலாளர்கள் செய்த மானோசைடுகள் இருக்கின்றன. அவை இன்னும் ஆராய்ச்சியில் உள்ளவை. ஃபிம்எச் மீதான தடுப்பூசி 1997இலேயே எலிகளைக் காப்பாற்றியது. மனிதர்களிடமும் சோதனைகள் நடந்திருக்கின்றன, ஆனால் கடையில் கேட்டு வாங்கும் நிலைக்கு வரவில்லை.

கிரான்பெர்ரிக்குச் சற்று மேலான சான்று உண்டு. அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கு அது ஆபத்தை ஏறத்தாழ கால் பங்கு குறைக்கிறது என்று 2023இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். வசதி இருந்தால் சாப்பிடலாம். தோட்டக் கூலியில் அதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எரிச்சல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஃபிம்எச் வெறும் ஒட்டுவதோடு நிற்பதில்லை. அது பிடித்த குடைச் செல் பாக்டீரியாவை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஸ்காட் ஹல்ட்கிரென் குழுவினர் 1998 முதல் எலிகளில் இதை விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். செல்லுக்குள் பாக்டீரியா கூட்டமாகப் பெருகுகிறது. பல மருந்துகள் அங்கே போதிய அளவில் போய்ச் சேர்வதில்லை. தொற்று வந்த பெண்களின் சிறுநீரிலும் அப்படிக் கூட்டம் நிறைந்த செல்களைப் பார்த்திருக்கிறார்கள். சில பெண்களுக்கு அதே பாக்டீரியாவே திரும்பத் திரும்ப வருவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். மருத்துவர் ஐந்து நாள் என்றால் ஐந்து நாளும் சாப்பிட வேண்டும். பத்து நாள் நீட்டவும் வேண்டாம்.

எந்த மாத்திரை என்பது இன்னும் பெரிய விஷயம். நம் நாட்டில் சிப்ரோஃப்ளாக்சசின், செஃபிக்சிம் போன்றவற்றை எதிர்த்து நிற்கும் இ.கோலை மிகப் பரவலாகிவிட்டது. நைட்ரோஃபியூரன்டாயின், ஃபாஸ்ஃபோமைசின் போன்ற பழைய மருந்துகள் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு இன்றும் நன்றாகவே கேட்கின்றன. கடைக்காரர் கையில் எடுப்பது பெரும்பாலும் முதல் வகையைத்தான். மருந்துச் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கக் கூடாது என்ற சட்டம் மெட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றே. கேரளத்தில் 2024 ஜனவரியில் 'ஆபரேஷன் அம்ருத்' என்று திடீர்ச் சோதனைகள் தொடங்கிக் கடைகளைக் கண்டிப்பாகக் கவனிக்கிறார்கள். அந்தக் கண்டிப்பு நம் பக்கமும் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். எல்லையோரத்தில் இன்னொரு சங்கடம்: ஒருமுறை கட்டப்பனையில் காட்டுவார்கள், அடுத்த முறை கம்பத்தில், ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. நான்கு முறையும் என்ன மாத்திரை என்று கேட்டால் "வெள்ளை மாத்திரை" என்பார் அம்மா. காலி மாத்திரை அட்டைகள் வீட்டில் கிடந்தால் எடுத்து வையுங்கள். போன மாதத்துப் பரிசோதனை முடிவின் இரண்டாம் பகுதியில் எந்த மருந்துக்குக் கேட்கும், எதற்குக் கேட்காது என்ற பட்டியல் இருக்கும். இ.கோலை என்ற பெயரைவிட அந்தப் பட்டியல்தான் மருத்துவருக்கு வேண்டும்.

அடுத்த முறை எரிச்சல் வந்தால் முதல் மாத்திரைக்கு முன்பே மாதிரி கொடுங்கள். தண்ணீரால் கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் புட்டியில் பிடிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்கு வர வேண்டும், அல்லது குளிர்பெட்டியில் இருக்க வேண்டும். தோட்டத்தில் பிடித்து, ஜீப்பில் கொண்டுவந்து, மாலையில் தரும் புட்டியில் வழியிலேயே பெருகிய பாக்டீரியாவைத்தான் நான் எண்ணுவேன். எரிச்சலோ வேறு தொல்லையோ இல்லாதபோது சும்மா பரிசோதித்துப் பார்க்கவும் வேண்டாம். கர்ப்பிணிகளைத் தவிர மற்றவர்களுக்கு, அறிகுறி இல்லாமல் தெரியும் பாக்டீரியாவுக்குப் பொதுவாக மருந்து தேவையில்லை. கூடவே ரத்தத்தில் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீர் கழித்த பிறகும் பையில் மீதம் தங்குகிறதா என்று ஒரு ஸ்கேன் பார்ப்பதும் நல்லது. இத்தனைக்குப் பிறகும் தொற்று விடாவிட்டால் மெத்தனமின் ஹிப்யூரேட் என்ற, ஆன்டிபயாடிக் வகையைச் சேராத தடுப்பு மாத்திரை ஒன்று இருக்கிறது. 240 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2022இல் வந்தது. தினமும் குறைந்த அளவு ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு அது ஏறக்குறைய ஈடாக நின்றது.

உடம்புச் சூடு என்று சொல்பவர்களோடு சண்டை போடாதீர்கள். நோய்க்குக் காரணம் சூடு அல்ல, பாக்டீரியா. ஆனால் அவர்கள் தரும் இளநீரும் நீர்மோரும் பார்லித் தண்ணீரும் அம்மாவின் வயிற்றுக்குள் நீராகத்தான் போகின்றன. குடிக்கட்டும். அதோடு மருத்துவரிடமும் போகட்டும்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் ஒரு பக்கமாக வலி, வாந்தி இவற்றில் ஏதாவது வந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனை, காலைவரை காத்திருக்கக் கூடாது. தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க.விலக்கில் இருக்கிறது, 108ஐ அழைத்தால் வந்துவிடுவார்கள். இங்கே உங்கள் பாடமும் தொடர்கிறது. சிறுநீரகத்தைப் பிடிக்கும் இ.கோலையிடம் வேறொரு வகை இழை இருக்கிறது, பி பைலி. அதன் நுனியில் இருக்கும் பாப்ஜி என்ற புரதத்துக்கு மானோஸ் வேண்டாம். சிறுநீரகச் செல்களில் இருக்கும், காலக்டோஸ் இரண்டு சேர்ந்த ஒரு சர்க்கரை வேண்டும். பின்னால் இருக்கும் பைலின் டொமைனின் மடிப்பு இரண்டிலும் ஒரே மாதிரி; முன்னால் இருக்கும் லெக்டின் டொமைன் எதைப் பிடிக்கிறதோ அந்த உறுப்பு நோய்வாய்ப்படுகிறது. கன்றுக்குட்டிகளுக்குக் கழிச்சல் தரும் இ.கோலையின் எஃப்17 இழை இன்னொரு சர்க்கரையைத் தேடுகிறது. பன்றிக்குட்டிகளைத் தாக்கும் கே88 வகைக்கு வேண்டிய பிடிமானம் சில குட்டிகளின் குடலில் பிறவியிலேயே இல்லை. அந்தக் குட்டிகளுக்கு அந்த நோய் வருவதில்லை.

டொமைன்களைப் பற்றி இன்னும் படிக்க விரும்பினால் தோலில் வாழும் ஸ்டேஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் பக்கம் போங்கள். அங்கே இழையே இல்லை. புரதம் நேரடியாகச் செல்சுவரில் பொருத்தப்பட்டிருக்கிறது. எஸ்டிஆர்ஜி என்ற புரதத்தின் இரண்டு டொமைன்களுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில் நம் ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தின் நுனி நுழைகிறது. ஒரு சிறு பட்டை அதன்மேல் மடங்கி விழுந்து பூட்டிக்கொள்கிறது. 2018இல் அளந்தபோது அதைப் பிரிக்க 2 நானோநியூட்டனுக்கும் மேற்பட்ட விசை தேவைப்பட்டது. இரண்டு அணுக்களுக்கு நடுவே இருக்கும் வேதிப்பிணைப்பை அறுக்கத் தேவைப்படும் விசைக்கு அது நெருக்கமானது. உடலுக்குள் வைக்கும் செயற்கை மூட்டுகளிலும் ஊசிக்குழாய்களிலும் இந்தப் பாக்டீரியாவை விரட்டுவது ஏன் அவ்வளவு கடினம் என்பதற்கு இந்தப் பூட்டும் ஒரு காரணம்.

ஃபிம்எச்சின் வேலையை உங்கள் கண்ணாலேயே பார்க்கவும் முடியும். ஆசிரியரின் மேற்பார்வையில் கல்லூரி ஆய்வகத்தில் செய்யுங்கள். இ.கோலையை ஊட்டத் திரவத்தில் 37 டிகிரியில், குலுக்காமல், இரண்டு நாள் வையுங்கள். அசையாத திரவத்தில்தான் முதல்வகை இழைகள் நன்றாக முளைக்கும். அந்த இழைகளின் மரபணுக்களுக்கு முன்னால் இருக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு ஒரு பக்கம் திரும்பினால் இழை வரும், மறுபக்கம் திரும்பினால் வராது என்பதையும் கூடவே படித்துக்கொள்ளுங்கள். ரொட்டிக்குப் போடும் ஈஸ்டைக் கொஞ்சம் உப்புநீரில் கரைத்து, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டு, பாக்டீரியாவில் ஒரு சொட்டு சேர்த்து மெதுவாக ஆட்டுங்கள். ஈஸ்டின் சுவர் முழுக்க மானோஸ் சங்கிலிகள். கொஞ்ச நேரத்தில் பால்போல் இருந்த சொட்டு திரிதிரியாகக் கட்டிக்கொள்ளும். இன்னொரு துண்டில் முதலிலேயே மானோஸ் கரைசலைச் சேர்த்துவிட்டுச் செய்தால் கட்டாது. அம்மாவின் மாதிரியில் வளர்ந்த பாக்டீரியாவை இதற்குக் கேட்காதீர்கள்; கல்லூரிகளில் வைத்திருக்கும் பாதுகாப்பான கே-12 வகையே போதும்.